மணி அடிக்காத கோயில்

உதகமண்டலத்துக்குப் போய் வந்தவர்களைச் சற்று விசாரித்துப் பாருங்கள். ஏரியில் படகு விட்டோம் என்பார்கள். தொட்டபெட்டாச் சிகரத்தில் மேகத்துக்குள்ளே நின்று ஒருவரை ஒருவர் காணாமல் தவித்தோம் என்பார்கள். மே மாதத்தில் போனவர்களாயிருந்தால் புஷ்பக் கண்காட்சியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். "அதெல்லாம் சரி, காந்தலுக்குப் போனீர்களா?" என்று கேளுங்கள். திருதிருவென்று விழிப்பார்கள்.

அவர்கள் மேல் குற்றமில்லை. காந்தல், பார்க்கப் போகிறவர்களுக்காக ஏற்பட்ட இடமல்ல. வாழுகிறவர்களுக்காக ஏற்பட்ட இடம். நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், விடியுமுன்பே புகையத் தொடங்கும் அடுப்புகள், பனிக்குப் பயந்து காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படும் ஜனங்கள் - இவைதான் அங்கே காட்சி. ஆனால் அந்த இடத்துக்கு ஒரு பெருமை உண்டு. காந்தல் குருசடி என்று மலைநாட்டிலும் சமவெளியிலும் பெயர்பெற்ற கத்தோலிக்கக் கோயில் அங்கேதான் இருக்கிறது. இயேசு நாதர் அறையப்பட்ட சிலுவையின் சிறு துணுக்கு என்று பக்தர்கள் போற்றும் திருப்பண்டம் அந்தக் கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுகிறது.

அப்படிப்பட்ட ஊர்களில், கோயில் மணி அடித்ததும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஜபமாலையுடன் மேட்டில் ஏறிப் போகும் வயது முதிர்ந்த ஸ்திரீகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். எண்பது வருஷம் வாழ்ந்தாலும், அவர்களுடைய சரித்திரம் கோயில் புத்தகத்தில் மூன்று வரிகளில் அடங்கிவிடும். ஞானஸ்நானம் ஒரு வரி; விவாகம் ஒரு வரி; அடக்கம் ஒரு வரி. இடையில் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும், போக்கிய நோய்களையும், அடக்கிய கண்ணீரையும் எழுதிவைக்கப் புத்தகம் இல்லை.

இந்த வாரம் நாம் சொல்லப்போவது, அதே நீலகிரியில் வாழ்ந்த வேறொரு தெய்வபக்தியுள்ள ஸ்திரீயின் கதை. அவருடைய வாழ்க்கை மூன்று வரிகளில் அடங்கவில்லை. பிறந்த தேசம் ஒன்று. தம்முடையது என்று வரித்துக்கொண்ட தேசம் வேறு. அவர் சேர்ந்திருந்த திருச்சபையோ இன்னும் விசித்திரமானது. அதற்கு மணி கிடையாது; குருக்கள் கிடையாது; பலிபீடம் கிடையாது; பாட்டுக்கூடக் கிடையாது. அந்த அம்மையாரின் பெயர் மார்ஜரி ஸைக்ஸ்.

ஒரு மலை, இரண்டு பெண்மணிகள்

உதகையிலிருந்து தொட்டபெட்டாவின் தோளைச் சுற்றிக்கொண்டு போகும் சாலை, தேயிலைச் சரிவுகளின் வழியாகக் கோத்தகிரிக்கு இறங்குகிறது. கோத்தர்கள் என்ற பழங்குடியினரின் தெரு இருந்த இடமாதலால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. உதகைக்கு முன்பே வெள்ளைக்காரர்களின் கண்ணில் பட்ட ஊர் இது. ஜான் ஸல்லிவன் என்ற கோயமுத்தூர்க் கலெக்டர் 1819-ம் வருஷத்தில் மலையேறி வந்து முதலில் தங்கியது இதன் அருகிலுள்ள கன்னேரிமுக்கில்தான்.

இந்தக் கோத்தகிரியில் மார்கரெட் காக்பர்ன் என்று ஒரு மாது இருந்தார். சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் குமாரத்தி. அவருடைய தாயாரின் பெயரைத்தான் இன்றைக்கும் காதரைன் நீர்வீழ்ச்சி தாங்கி நிற்கிறது. 1829-ல் பிறந்த மார்கரெட், நீலகிரிப் பறவைகளைப் பார்த்துப் பார்த்து வர்ணச் சித்திரங்களாக எழுதினார். அவை லண்டன் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் இன்றும் பத்திரமாயிருக்கின்றன. தெய்வபக்தியும் தர்ம சிந்தையும் உள்ளவர். ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்து, 1928-ம் வருஷத்தில் காலமானார். நல்ல பெண்மணி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் மலையும் தோட்டமும் அதிகாரமும் அவருடைய இனத்தாருக்குச் சொந்தமாயிருந்தன. மேலே இருந்துகொண்டு கீழே கொடுப்பதுதான் அக்காலத்துத் தர்மம்.

அதே 1928-ம் வருஷத்தில், இருபத்துமூன்று வயதுள்ள இன்னொரு ஆங்கிலப் பெண், சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பிற்காலத்தில் அதே கோத்தகிரியில் குடியேறப் போகிறவள் அவள்தான். ஆனால் கொடுக்கிறவளாக அல்ல, அண்டை வீட்டுக்காரியாக. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை பெரிது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

நிலக்கரி நாட்டிலிருந்து

மார்ஜரி ஸைக்ஸ் 1905-ம் வருஷம் மே மாதம், இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாகாணத்தில் மெக்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தார். அது நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். தகப்பனார் பள்ளி ஆசிரியர். சுரங்கத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி வைத்தவர். செல்வம் கிடையாது, படிப்பின்மேல் மதிப்பு மட்டும் ஏராளமாக இருந்தது. சிறுமியாயிருந்தபோதே முதல் உலக யுத்தம் வந்தது. நேற்றுவரை நண்பர்களாயிருந்த ஜனங்களை இன்று சத்துருக்கள் என்று சொல்ல வேண்டுமென்று பெரியவர்கள் கட்டளையிட்ட காலம் அது. அந்தக் கட்டளையை ஒப்புக்கொள்ளாத மனம் ஒன்று இந்தக் குழந்தைக்குள் வளர்ந்தது என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் நியூனம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துச் சிறப்பாகத் தேறினார். அப்படித் தேறினவர்களுக்கு இங்கிலாந்திலேயே நல்ல உத்தியோகங்கள் காத்திருந்தன. அவரோ சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் உயர்தரப் பாடசாலைக்கு ஆசிரியையாக வரச் சம்மதித்தார்.

அவர் வந்து இறங்கிய 1928-ம் வருஷம் எப்படிப்பட்டது? ஸைமன் கமிஷன் பம்பாயில் கால் வைத்த வருஷம். "ஸைமனே, திரும்பிப் போ!" என்ற கோஷம் தேசமெங்கும் எழுந்த வருஷம். வெள்ளைத் தோலோடு தெருவில் நடப்பவர்களை ஜனங்கள் ஒருவிதமாகப் பார்த்த காலம். அடுத்த இரண்டு வருஷத்திற்குள் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை நடத்தினார். அந்தச் சமயத்தில் சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களில் பலர் கிளப்புகளில் உட்கார்ந்து, "இந்த ஜனங்கள் நன்றிகெட்டவர்கள்!" என்று சொல்லிக்கொண்டார்கள். ஸைக்ஸோ தமிழ் கற்றுக்கொண்டிருந்தார்.

தமிழ் கற்பது என்பது வெறும் எழுத்து விஷயம் அல்ல. ஒரு பாஷையை அதிகாரம் செய்வதற்காகக் கற்கலாம்; "அதைக் கொண்டு வா, இதை எடுத்து வை" என்பதோடு அந்தப் படிப்பு முடிந்துவிடும். பேசுகிறவர்களின் நெஞ்சைத் தெரிந்துகொள்வதற்காகவும் கற்கலாம். அந்தப் படிப்புக்கு முடிவே கிடையாது. ஸைக்ஸ் இந்த இரண்டாவது வகைப் படிப்பை வரித்துக்கொண்டார். பிற்பாடு வங்காளியையும் ஹிந்தியையும் அதே விதமாகக் கற்றார்.

மௌனமே பூஜை

சென்னையில் இருந்த காலத்தில், 1930-களில், அவர் குவேக்கர் என்று சொல்லப்படும் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார். "நண்பர்கள் சங்கம்" என்பது அந்தச் சபையார் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். இதைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் தோன்றினார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தெய்வத்தின் ஒளி இருக்கிறது. அதைக் காண்பதற்கு நடுவில் ஆள் எதற்கு என்று கேட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் பிரபுக்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றமாட்டோம் என்றார்கள். கோர்ட்டில் பிரமாணம் செய்யமாட்டோம், எப்போதும் சொல்வது உண்மையாயிருக்கும்போது தனியாகச் சத்தியம் எதற்கு என்றார்கள். கத்தி எடுக்கமாட்டோம் என்றார்கள். இந்த மூன்று குற்றங்களுக்காகவும் ஆயிரக்கணக்கில் சிறை சென்றார்கள். ஒத்துழையாமை என்ற பதம் பிறப்பதற்கு இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே அந்தச் சரக்கை அனுபவித்தவர்கள்! பெண்களும் சபையில் எழுந்து பேசலாம் என்று அந்தக் காலத்திலேயே ஒப்புக்கொண்டவர்கள்.

அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பூஜையைப் பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வந்தாலும் வரும். ஒரு சாதாரண அறை. நாற்காலிகளோ பாய்களோ வட்டமாகப் போட்டிருக்கும். ஜனங்கள் வந்து உட்காருவார்கள். பிறகு ஒன்றும் நடக்காது! பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு மணி நேரம். எல்லோரும் மௌனமாயிருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து ஒரு சொல் எழுந்தால், எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அது ஆணாயிருக்கலாம், பெண்ணாயிருக்கலாம், பாமரனாயிருக்கலாம். கடைசியில் ஒருவரோடொருவர் கை குலுக்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அவ்வளவுதான் பூஜை.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. "மோனம் என்பது ஞான வரம்பு" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மகாத்மா காந்தியும் திங்கட்கிழமை தோறும் மௌன விரதம் பூண்டார். ஆகவே, காந்திஜியை நெருங்கிப் பழகிய ஆங்கிலேயர்களில் ஹொரேஸ் அலெக்ஸாண்டர், அகதா ஹாரிஸன் போன்ற குவேக்கர்கள் முன்வரிசையில் நின்றது ஆச்சரியமல்ல. ஸைக்ஸும் அந்த வரிசையில் சேர்ந்தவர்தான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தேசிய இயக்கத்தின் காலத்தில் கிறிஸ்தவம் என்றால் வெள்ளைக்காரனுடைய மதம் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. அந்த எண்ணத்தைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களே தங்கள் வாழ்க்கையால் உடைத்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, மேல்நாட்டு உடையைக் களைந்து கதர் பூண்டு, கிராமப் பொருளாதாரத்துக்கே தம்மை அர்ப்பணம் செய்தார். திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காத்லாந்துக்காரரும் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை அமைத்தார்கள். இருவரும் டாக்டர்கள், இருவரும் பிரம்மசாரிகள். ஜனங்கள் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் "சின்ன" அண்ணனாயிருக்கச் சம்மதித்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு வார்த்தையில் ஒரு புரட்சி அடங்கியிருக்கிறது. ஸைக்ஸ் அம்மையார் நடந்த பாதை இதுவே.

இரண்டு குருமார்கள்

1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் காந்திஜி ஒரு கல்வி மகாநாடு கூட்டினார். கைத்தொழில் மூலமாகவே குழந்தைகளுக்கு எல்லாக் கல்வியையும் போதிக்க வேண்டும் என்ற திட்டம் அங்கே உருவாயிற்று. அதை "நயீ தாலீம்" என்றார்கள். தமிழில் ஆதாரக் கல்வி என்று பெயர் ஏற்பட்டது. திட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் நம் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். அவருக்குத் துணை, வங்காளியான அவருடைய மனைவி ஆஷாதேவி. ஆரியநாயகமும் கிறிஸ்தவரே. அவர் குருதேவர் தாகூரிடம் காரியதரிசியாயிருந்தவர்.

சென்னையில் பாடசாலை நடத்திக்கொண்டிருந்த ஸைக்ஸின் மனத்தை இந்தச் செய்தி கவர்ந்தது. சேவாகிராமம் சென்று காந்திஜியைக் கண்டார். ஆனால் உடனே அங்கே தங்கவில்லை. தாகூரின் அழைப்பை ஏற்று 1939-ல் சாந்திநிகேதனம் சென்றார். ஒருபுறம் இராட்டை; மற்றொரு புறம் வீணை. ஒரு குரு, "கையால் உழைத்துக் கற்றுக்கொள்" என்றார். இன்னொரு குரு, "மரத்தடியில் பாடி ஆடிக் கற்றுக்கொள்" என்றார். இரண்டும் வெவ்வேறு என்று பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, இந்த அம்மையார் இரண்டு பேரிடமும் பாடம் கேட்டார்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் தீனபந்து ஆண்ட்ரூஸ் காலமானார். 1941 ஆகஸ்டில் குருதேவரும் மறைந்தார். ஸைக்ஸ் மனம் தளரவில்லை. இளைஞர்களுக்காகத் தாகூரின் சரித்திரத்தை எழுதினார். முக்ததாரா, நடீர் பூஜா, சண்டாளிகா என்ற மூன்று நாடகங்களை வங்காளியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். பனாரஸிதாஸ் சதுர்வேதியுடன் சேர்ந்து ஆண்ட்ரூஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1949-ல் வெளியிட்டார். நடுவில் சில காலம் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் போதித்தார்.

சேவாகிராமத்துக்கு அவர் வேலைக்கு வந்து சேர்ந்தபோது காந்திஜி இவ்வுலகில் இல்லை. "இருக்கும்போதே வந்திருக்கலாமே!" என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மகான் இருக்கும்போது அவரைச் சுற்றிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. மகான் போன பிறகு, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் சிலரே. அந்தச் சிலரில் இவர் ஒருவர். சுதந்திரம் வந்து, ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய பின்பு, இவர் இந்தியப் பிரஜையாகப் பதிவு செய்துகொண்டார்.

பஞ்சிலிருந்து பூகோளம்

ஆதாரப் பள்ளியில் பாடம் எப்படி நடக்கும்? குழந்தையின் கையில் ஒரு பருத்திக் காயைக் கொடுக்கிறார்கள். பஞ்சை எடுத்து, கொட்டை நீக்கி, அடித்து, பட்டை போட்டு, நூல் நூற்கிறது. எத்தனை சுற்று நூல், எத்தனை பலம், என்ன விலை என்று கேட்கும்போது கணக்கு வந்துவிடுகிறது. கரிசல் மண்ணில் பருத்தி ஏன் நன்றாக விளைகிறது என்று கேட்கும்போது பூகோளம் வருகிறது. டாக்கா மஸ்லின் எங்கே போயிற்று, மாஞ்செஸ்டர் துணி எப்படி வந்தது என்று கேட்கும்போது சரித்திரம் வருகிறது. பள்ளியைப் பெருக்குவதும் கக்கூஸ் சுத்தம் செய்வதும் சமையல் செய்வதும் எல்லோருக்கும் முறை வைத்து வரும் வேலைகள். பிராமணக் குழந்தையும் செய்ய வேண்டும். ஹரிஜனக் குழந்தையும் செய்ய வேண்டும். புத்தகத்தில் படிக்கும் சமத்துவம் வேறு. துடைப்பத்தில் படிக்கும் சமத்துவம் வேறு என்பது இந்தத் திட்டத்தின் உட்கருத்து.

தமிழ்நாட்டில் இதைப் பற்றி ஒரு மயக்கம் உண்டாயிற்று. 1953-ல் ராஜாஜி மந்திரி சபை, ஆரம்பப் பள்ளியில் அரை நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகப்பன் தொழிலையே பிள்ளை கற்றால் ஜாதியின் கட்டு அறுவது எப்போது என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. மறு வருஷமே காமராஜர் திட்டத்தை ரத்து செய்தார். ஆனால் வார்தாத் திட்டமும் அதுவும் ஒன்றல்ல. அங்கே தொழில் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிறப்பைப் பார்த்துத் தொழில் பிரிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் "கைத்தொழில் படிப்பு" என்ற பேச்சே நம்மவர்கள் காதில் நாராசமாயிற்று.

மற்ற மாகாணங்களிலும் கதை வேறல்ல. சர்க்கார் பெயரளவில் ஆதாரப் பள்ளிகளைத் திறந்தது. தக்கிளி சுழன்றது, மனம் சுழலவில்லை. தலைவர்கள் மேடையில் ஆதாரக் கல்வியைப் புகழ்ந்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளைக் கான்வெண்டுக்கு அனுப்பினார்கள். "உங்கள் குழந்தைக்கு நல்லதில்லாத படிப்பு எங்கள் குழந்தைக்கு மட்டும் எதற்கு?" என்று கிராமத்து ஏழை கேட்டால் என்ன பதில் சொல்வது? 1959-ல் சேவாகிராமத்து ஹிந்துஸ்தானி தாலீமி சங்கம் சர்வ சேவா சங்கத்தோடு இணைக்கப்பட்டது. பத்து வருஷ உழைப்பு கண்முன்னே கரைவதை ஸைக்ஸ் பார்த்தார்.

கோத்தகிரி வீடு

இப்படிப்பட்ட சமயத்தில் சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள்? தேசத்தைத் திட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். இவருக்குச் சொந்த ஊர் இதுதானே! கோத்தகிரியில் ஒரு சிறு வீட்டில் குடியேறினார். தேயிலைச் சரிவுகளுக்கும் படகர் கிராமங்களுக்கும் நடுவே தோட்டம் போட்டு, எளிமையாக வாழ்ந்தார். காந்திஜி 1934-ல் ஹரிஜன யாத்திரையின்போது குன்னூரில் வந்து தங்கிய மலை இது. அந்த மலையில் அஹிம்சைப் பயிற்சி நடத்தினார். கலகம் நடக்கும் இடத்தில் ஆயுதமில்லாமல் நடுவே போய் நிற்கக்கூடிய சாந்தி சேனையை வினோபா 1957-ல் அமைத்திருந்தார். அந்தச் சேனைக்கு ஆட்களைத் தயார் செய்யும் வேலையில் இவர் பங்குகொண்டார்.

பட்டாளத்துக்குப் பயிற்சி என்றால் துப்பாக்கி உண்டு, அணிவகுப்பு உண்டு. சாந்தி சேனைக்கு என்ன பயிற்சி? கோபம் வரும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் பயிற்சி. எதிரி சொல்வதை முழுவதும் கேட்கும் பயிற்சி. பயப்பட்டாலும் ஓடாமல் நிற்கும் பயிற்சி. ஒரு மணி நேரம் மௌனமாய் உட்காரத் தெரிந்தவர்தான் இதைச் சொல்லித்தர முடியும்! குவேக்கர் கோயிலின் மௌனம் சும்மா இருப்பதற்கான மௌனம் அல்ல என்பது இங்கே விளங்குகிறது.

படித்ததைப் பரீட்சிக்கும் நாளும் வந்தது. நாகநாட்டில் வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்த சண்டையை நிறுத்த ஜயப்பிரகாச நாராயணரும், அஸ்ஸாம் முதன்மந்திரி சலிஹாவும், மைக்கேல் ஸ்காட் பாதிரியாரும் சமாதானத் தூதர்களாகச் சென்றார்கள். 1964-ம் வருஷம் செப்டம்பர் 6-ம் தேதி போர்நிறுத்தம் அமுலுக்கு வந்தது. அதைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டியிருந்தது. இரு தரப்பாரும் நம்பக்கூடியவர்கள் யார்? ஏறக்குறைய அறுபது வயதான ஸைக்ஸ் அம்மையார் கோத்தகிரியின் குளிரிலிருந்து கொஹிமாவின் குளிருக்குப் புறப்பட்டார். புகார் வந்த கிராமங்களுக்குப் போய், இரண்டு பக்கத்துக் கதையையும் கேட்டு, உள்ளது உள்ளபடி எழுதுவது குழுவின் வேலை. டில்லியில் நடந்த பேச்சுவார்த்தைகள் 1967-ல் முறிந்துபோயின. மீண்டும் ஒரு தோல்வி என்று சொல்லலாம். ஆனால் அந்த இடைக்காலத்தில் எத்தனை வீடுகளில் இரவு அடுப்பு நிம்மதியாக எரிந்திருக்கும்! அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

முதுமையில் ஒரு புதுப் பாடம்

எழுபது வயதுக்கு மேல் மனிதர்கள் ஓய்வு தேடுவார்கள். இவர் மத்தியப் பிரதேசத்தில், நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத்துக்கு அருகே ரஸூலியா என்ற இடத்திலிருந்த குவேக்கர் கிராம நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கிராமப் பள்ளிச் சிறுவர்கள் செடியையும் பூச்சியையும் தாங்களே சோதித்து ஸயன்ஸ் கற்கும் திட்டத்தை 1972-ல் தொடங்கிய நிலையங்களில் அது ஒன்று. ஜப்பானிய விவசாயி புகுவோக்காவின் வழியில், உழாமலும் உரமிடாமலும் பயிர் செய்யும் "ரிஷி கேதி" என்ற முறையும் அங்கே பரீட்சிக்கப்பட்டது. ஆதாரக் கல்வி செத்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன பிறகு, அதன் விதை வேறு மண்ணில் முளைப்பதைக் காணும் பாக்கியம் அந்த அம்மையாருக்குக் கிடைத்தது.

அந்த வயதிலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இந்தியாவில் குவேக்கர்களின் மறந்துபோன நூறு வருஷத்தைப் பற்றி 1980-ல் ஒரு புத்தகம் எழுதினார். நயீ தாலீமின் கதையை 1988-ல் எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பத்துமூன்று. உடல் தளர்ந்த கடைசி ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு குவேக்கர் இல்லத்தில் தங்கி, 1995-ம் வருஷத்தில், தொண்ணூறாவது வயதில் அமைதியாகக் கண் மூடினார். அறுபது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டின் சோற்றைத் தின்று, இந்த நாட்டின் துக்கத்தில் பங்குகொண்டவர்.

மீண்டும் காந்தலுக்கு

இவ்வளவு பெரிய வாழ்க்கையைச் சொன்ன பிறகு, நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம். காந்தலில் ஜபமாலையுடன் மேட்டில் ஏறும் அந்தக் கிழவிக்கும், கோத்தகிரியில் மௌனமாய் உட்கார்ந்திருந்த அந்த ஆங்கில மாதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒருத்தி சங்கீர்த்தனத்துக்கும் மணியோசைக்கும் நடுவே கடவுளைத் தேடுகிறாள். மற்றவர் சப்தமற்ற அறையில் தேடினார். ஒருத்திக்குச் சிலுவைத் துணுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்றவருக்குச் சின்னம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்த பிறகு இருவர் பாதையும் ஒன்றாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு ஓடும் அந்தக் கிழவியும் சாந்தி சேனையில் ஒருத்திதான். சண்டையிட்ட தெருக்காரர்கள் இருவரையும் அதட்டி உட்கார வைத்துச் சமாதானம் செய்கிறாளே, அதற்கு எந்தச் சர்க்கார் அவளுக்குக் கண்காணிப்பாளர் பதவி கொடுத்தது?

தேசம் என்பது எது? பிறந்த மண் என்று சிலர் சொல்கிறார்கள். மதம் என்று சிலர் சொல்கிறார்கள். பாஷை என்று சிலர். யார்க்ஷயர்க் கரிச்சுரங்கத்தின் ஓரத்தில் பிறந்து, வேறு மதத்தில் வளர்ந்து, இருபத்துமூன்று வயதுக்குமேல் தமிழ் அட்சரம் படித்த ஒரு பெண், நம்மில் பலரைக் காட்டிலும் இந்தத் தேசத்துக்குச் சொந்தமானவராயிருந்தார். அதற்கு அவர் செய்த தந்திரம் ஒன்றே: மேலே இருந்து கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இங்கே பிறந்துவிட்டதனாலேயே தேசம் தங்களுக்குச் சொந்தம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

அடுத்த முறை உதகைக்குப் போகும்போது ஏரியையும் பாருங்கள், புஷ்பங்களையும் பாருங்கள். ஆனால் ஒரு காலை நேரத்தைக் காந்தலுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அங்கிருந்து கோத்தகிரிக்குப் பஸ் ஏறி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் எங்கேனும் பத்து நிமிஷம் வாய் பேசாமல் உட்காருங்கள். குழந்தைகளையும் உட்கார வையுங்கள். அவர்களால் முடியாது என்று சொல்லாதீர்கள். பெரியவர்களுக்குத்தான் அது கஷ்டம்! மணி அடிக்காத அந்தக் கோயிலின் வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.